முதுகில் விழும் மண்

திரும்பக் கூடாது. கல் உதட்டில்தான் பட்டது, பல்லில் இல்லை, நாக்கால் தடவிப் பார்த்துவிட்டேன், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் உப்புக் கரிக்கிறது, அவ்வளவுதான். துடைக்கவும் கூடாது. துடைத்தால் கை முகத்தை மறைக்கும், முகம் மறைந்தால் கேமராவில் விழாது, கேமராவில் முகம் விழத்தான் இத்தனை பேரும் இந்த வெயிலில் கிறுக்கன் மாதிரி நேராக நிற்கிறோம். "மூஞ்சி தெரியோணும்டா, மண்ணு விழுந்தா விழுகட்டும், சிரிச்ச மாதிரி நில்லு" என்று ரத்தினசபாபதி அண்ணன் காலையில் ஒவ்வொருத்தன் தோளையும் பிடித்துச் சொன்னார், என்னிடம் மட்டும் இரண்டு தரம் சொன்னார், நான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். இப்போது அவர் எனக்கு வலது பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூக்குக் கண்ணாடி முழுக்கச் செம்மண். சிரித்த மாதிரிதான் நிற்கிறார். ஒரு சுற்றுதான் முடிந்திருக்கிறது. பன்னிரண்டு பைக் ஒரே கொத்தாக வந்து இந்த டேங்க் வளைவில் பின் சக்கரத்தை வெளியே வீசித் திரும்பும்போது, சக்கரம் வாரி இறைக்கிற மண்ணும் கல்லும் எங்கே போகும், வளைவுக்கு வெளியே நிற்கிறவன் மேல்தான் போகும். அதனால் மில் மேட்டில் பந்தயம் பார்க்கிற எவனும் வண்டி வளைவுக்கு வந்த நொடியில் திரும்பிக்கொள்வான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலரைத் தூக்கிவிட்டு, தலையைக் குனிந்து, முதுகைக் கொடுத்துவிட்டுக் காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்போம். மண் பொட்டுப் பொட்டாக விழும், சட்டையைத் தாண்டிச் சுரீரென்று படும், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே யார் முன்னால் போகிறான், யார் ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே வளைவைத் தாண்டினான், யார் பயந்துபோய் முறுக்கின கையை விட்டான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். தப்பாகச் சொன்னவனை அன்றைக்குப் பூராவும் ஓட்டுவோம். பந்தயம் முடிந்து போகும்போது ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்ப்போம், நிறைய பொட்டு இருக்கிறவன் கொஞ்சம் மெதுவாக நடப்பான். பல்லில் மண் இருந்தால் அவன் புதுசு. இன்றைக்கு எல்லோருமே புதுசு. இன்றைக்கு என் வாய் நிறைய மண். துப்பலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

இரண்டாவது சுற்று வருகிறது. சத்தம் வருகிறது, மில் சுவரில் பட்டு இரண்டாக வருகிறது, என் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, கழுத்துக்கு யார் சொல்வது, கழுத்து எந்த சேனலும் பார்ப்பதில்லை. பிடித்துக்கொண்டேன். கண்ணை விரித்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிவப்பாக ஒரு சுவர் எழுந்து வந்தது, அதற்குள் ஒரு ஹெல்மெட், ஒரு முழங்கால், ஒரு சக்கரம், அப்புறம் இமை மூடிக்கொண்டது, திறந்தபோது எல்லோரும் போய்விட்டார்கள். "யாருடா முன்னால?" என்கிறார் அண்ணன். தெரியலைங்கண்ணா. "நேராத்தான நிக்கற, பாக்கலியா?" நீங்களும் நேராத்தான நிக்கறீங்க. கண்ணாடியைத் துடைக்க அவர் கை போகிறது, பாதியில் நிற்கிறது, திரும்பிக் கயிற்றுக்கே வந்துவிடுகிறது. அவர் பேக்கரி வைத்திருக்கிறார். மில் மேடு பந்தய ரசிகர் மன்றம் என்று அவருடைய பேக்கரியில் பப்ஸ் வைக்கிற கண்ணாடிப் பெட்டி மேல்தான் முதலில் ஒட்டினோம். ஒட்டிய அன்றைக்கு ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம். இன்றைக்குக் கேமராவோடு வந்திருக்கிற அந்தச் சென்னை விளையாட்டு சேனல் எந்த விளையாட்டு வீடியோவைப் போட்டாலும் கீழே போய் "மண் பந்தயம் எப்போது" என்று எழுதுவோம். கபடி போட்டாலும் எழுதுவோம், யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் எழுதுவோம். அவர்கள் நம்பருக்கு முறை வைத்துப் போன் போட்டோம். என் முறை வந்து நான் போட்டபோது எடுத்த பொண்ணு "சார், நீங்க மண்ணு சாரா?" என்றது. ஆமாங்க என்றேன். "காலையில பேசினது வேற மண்ணு சாருங்களா?" அதுவும் எங்காளுதானுங்க என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது, இல்லை எழுதிக்கொள்கிற மாதிரி சத்தம் காட்டியது. அண்ணன் பைக் மாதிரி கேக் செய்து ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டார், போய்ச் சேரும்போது அது பைக்கா பன்றியா என்று தெரியவில்லையாம், ஆனால் நன்றாக இருந்ததாம், சொல்லியனுப்பினார்கள். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு அந்த வாரம் எந்த நாட்டிலோ மரம் வெட்டுகிற போட்டியைக் காட்டினார்கள். ஒருத்தன் கோடாலியை எடுத்து ஒரு கட்டையை வெட்டுகிறான், பக்கத்தில் இன்னொருத்தன் இன்னொரு கட்டையை வெட்டுகிறான், அதற்கு இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் முழுசாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கடுப்பு.

அந்தச் சேனலில் பெனடிக்ட் சார் நல்ல மனுசன், அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடியோவை வாங்கிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டார், அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார், நாங்கள் எல்லோரும் தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் கேட்டோம். "ஆபீஸ்ல பெரிய ஸ்க்ரீன்ல போட்டேன் சார். எல்லாரும் சிரிச்சாங்க. வண்டி கிட்ட வருது, உங்க ஆளுங்க அத்தனை பேரும் ஒண்ணா திரும்பி நிக்கிறாங்க. உங்க ஊர் ரசிகர்களே பாக்காததை நாங்க யாருக்குக் காட்றது?" என்றார். எங்களுக்கு அது வரைக்கும் தோன்றவே இல்லை, அதுதான் நிஜம். அந்த வீடியோவை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம், எங்கள் முதுகை நாங்களே பெருமையாகப் பார்த்திருக்கிறோம், இது என் முதுகு, இது உன் முதுகு என்று கை வைத்துக் காட்டியிருக்கிறோம். அண்ணன்தான் மெல்ல, "அது வந்துங்க சார், மண்ணு அடிக்கும்ங்க, அதனால காதுல பாப்போம்ங்க" என்றார். காதில் பார்ப்பது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சார் அதற்கு, "எனக்கு வண்டிகூட ரெண்டாம்பட்சம் சார். வண்டியைப் பாக்கற மூஞ்சி வேணும். வீட்ல உக்காந்திருக்கறவன் அந்த மூஞ்சியத்தான் பாப்பான். ஒரே ஒரு மூஞ்சி கெடச்சா நான் மேல பேசிக்கறேன்" என்றார். அதற்குத்தான் இன்றைக்கு வந்திருக்கிறார். வண்டிகளை எடுக்க ஒரு கேமரா, கொடி காட்டுகிற கோபுரத்து மேலே. இன்னொரு கேமரா எங்கள் வரிசை முடிகிற இடத்தில், கயிற்று முனையில், கேமராக்காரர் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, பெனடிக்ட் சார் அவர் பின்னால் குனிந்து நிற்கிறார். ஒரே ஒரு மூஞ்சி. எங்கள் வரிசையில் எத்தனை மூஞ்சி இருக்கிறது, ஒன்றுகூடத் தேறாதா. நான் சிரித்த மாதிரி நிற்கிறேனா. உதடு வீங்கிக்கொண்டு வருகிறது, வீங்கின உதட்டோடு சிரித்தால் டிவியில் எப்படி இருக்கும். எங்கம்மா பார்த்தால் முதலில் உதட்டைத்தான் பார்க்கும். அதற்கு முதுகே ஆகாது. துவைக்கும்போது, "என்னடா இது, சட்டைக்கு அம்மை போட்ட மாதிரி" என்று கேட்கும். இன்றைக்கு முன்பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறது.

வந்துவிட்டார்கள். இந்தத் தடவை ஒன்று தெரிந்தது, மஞ்சள் ஹெல்மெட், இருபத்தேழாம் நம்பர், மூன்றாவதாக. ஈஸ்வரி அக்கா. இருக்கிறார், விழவில்லை, மூன்றாவதாகப் போகிறார். கண்ணுக்குள் மண் போய்விட்டது, கண்ணீர் வந்து அதுவே கழுவிக்கொள்கிறது, நல்ல ஏற்பாடு. ஈஸ்வரி அக்கா எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர். நான் பதினொன்றாவதில் பாதியோடு நின்றுவிட்டேன், நின்றதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அங்கே என்னை வைத்து அவர்களும் என்ன செய்வார்கள், அவர்களை வைத்து நான் என்ன செய்வேன். ஆனால் வேனை விட்டதுதான் கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருந்தது. கடைசி சீட்டில் உட்காருவேன். சூலூரிலிருந்து ஸ்கூல் வரைக்கும் அக்கா எவ்வளவு மெதுவாகப் போவார் என்றால், மொபெட்டில் கீரைக்கட்டு கொண்டு போகிறவர் எங்களைத் தாண்டிப் போவார். வேகத்தடை வந்தால் ஏறினது தெரியாது, இறங்கினது தெரியாது, எல்கேஜிக் குழந்தைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டு வரும், ஒன்றுகூட முழிக்காது. ஒரு திங்கட்கிழமை இறங்கும்போது பார்த்தேன், அக்காவின் காதுக்குப் பின்னால், மடலும் கழுத்தும் சேர்கிற இடத்தில், காய்ந்த செம்மண். என்னக்கா காதுல மண்ணு என்றேன். "தோட்டத்துக்குப் போனேன். எறங்குடா மொதல்ல" என்றார். அடுத்த திங்கட்கிழமையும் இருந்தது. அக்காவுக்குத் தோட்டம் எங்கே இருக்கிறது, அவர்கள் லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் மேட்டில் சத்தம் கேட்கிறதே என்று எட்டிப் பார்க்கப் போய், என்னை யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள், முதுகில் மண் விழுந்தது, பக்கத்திலிருந்தவர், "கேட்டியா, இருபத்தேழு கையே உடல பாரு" என்றார். பந்தயம் முடிந்து இருபத்தேழு ஹெல்மெட்டைக் கழற்றியது. எங்கள் வேன் அக்கா. கீரைக்கட்டுக்கு வழிவிடுகிற அக்கா. என்னைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல்ல சொன்னீன்னா, கடைசி சீட்டுலருந்து எறக்கி என் பக்கத்துல உக்கார வெச்சுருவேன்" என்றார். சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, கூட வருகிற குழந்தைகள் யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்துகொண்டு அந்த வேனில் போவது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் அதற்கு வார்த்தை சொல்லித் தருவதற்குள் நான் நின்றுவிட்டேன். நின்றது தெரிந்தபோது வாட்டர் சர்வீசுக்கே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார், நான் அங்கேதான் வண்டி கழுவுகிறேன். "படிப்ப உட்டுட்டியாமா?" ஆமாக்கா. எல்லோரும் கேட்கிற மாதிரி அடுத்து ஏண்டா என்று கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "கடைசி சீட்டுல இப்ப ஒரு குண்டுப் பையன் உக்காந்துக்கறான். தூங்கிட்டே வர்றான்" என்றார். அவ்வளவுதான். வேனைக் கழுவிக் கொடுத்தேன். டயர் இடுக்கில் ஒரு கல்கூட விடவில்லை.

இன்றைக்குத் தோற்றால் பரவாயில்லை, அது வேற. தோற்பது எல்லா வாரமும் நடக்கிறது. இன்றைக்கு இந்தப் பந்தயம் டிவிக்குத் தேறாவிட்டால் அக்கா அடுத்த வருஷம் ஓட்ட மாட்டார், அதுதான் விஷயம், அதற்காகத்தான் என் உதடு. அவருக்கு டயரும் பெட்ரோலும் போடுகிற பம்ப் கம்பெனிக்காரர், அவர் பெயர் எழுதின வண்டியை மில் மேட்டில் நாங்கள் மட்டும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்கிறார், நாங்கள் பம்ப்பா வாங்கப் போகிறோம். டிவியில் வந்தால் தொடர்ந்து போடுகிறேன், வராவிட்டால் இத்தோடு சரி என்கிறார். அக்கா இதை எங்களிடம் சொல்லவில்லை, அவர் வண்டி மெக்கானிக் சொன்னார். அக்கா காலையில் என்னிடம் சொன்னதெல்லாம், "என்னடா கடைசி சீட்டு, இன்னைக்கு எல்லாரும் மூஞ்சியக் காட்டோணுமாமா? பவுடர் போட்டுட்டு வந்திருக்கலாமல்ல?" நீங்க ஜெயிங்கக்கா, நான் போட்டுக்கறேன் என்றேன். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே, "இத்தன நாள் செவுரு மாதிரி முதுகா இருக்கும். இன்னைக்கு அத்தன கண்ணும் பாக்கும். நெம்பக் கூச்சமா இருக்குதுடா" என்று சிரித்தார். சிரித்தாரா, எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் வாய் தெரியாது, கண்ணை வைத்துச் சிரித்தார் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், இன்றைக்கு அத்தனை கண்ணும் பார்க்கும். விழுந்தாலும் பார்க்கும். போன வருஷம் விழுந்தார், இதே வளைவில், அப்போது எங்கள் முதுகுதான் அவருக்கு, காதில்தான் கேட்டேன். வண்டி விழுகிற சத்தம் டமால் என்று இருக்காது. என்ஜின் திடீரென்று சுமை இல்லாமல் கத்தும். தரையில் இல்லாத சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம், மேலே மேலே போகும், நிற்காது, யாராவது ஓடிப்போய் அணைக்கிற வரைக்கும் நிற்காது. திரும்பிப் பார்த்தபோது அக்கா உட்கார்ந்திருந்தார், தோளைப் பிடித்துக்கொண்டு, வண்டியை முதலில் அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு. தோள்பட்டை எலும்புதான், கூடிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குள் எங்கேயோ அணைக்காமலே கிடக்கிறது. வாட்டர் சர்வீசில் யாராவது வண்டியை நிறுத்தி வைத்துச் சும்மா முறுக்கினால் எனக்குக் கையிலிருக்கிற பைப் நழுவும். காதால் கேட்டதே இப்படி. கண்ணால் பார்த்தால்.

பாதி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன், எண்ணுவதை விட்டுவிட்டேன். எட்டாம் நம்பர் ஓசூர்க்காரன் முன்னால், அக்கா இரண்டாவது, அதுவரைக்கும் தெரிகிறது, போன பிறகு நேர்ரோட்டில் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், வளைவில் ஒன்றும் தெரிவதில்லை. இத்தனை நாள் திரும்பி நின்றபோது வளைவு முழுசாகத் தெரிந்தது, எங்கே கையை விட்டார், எங்கே மறுபடி முறுக்கினார், சக்கரம் எங்கே வழுக்கி எங்கே பிடித்தது, எல்லாம் காதுக்குள் வரைந்த மாதிரி வரும். இப்போது நேராக நிற்கிறேன், எதுவும் வருவதில்லை. அடுத்த கல் எங்கே விழும் என்று முகம் முழுக்கக் காத்துக்கொண்டிருக்கிறது, முகம் காத்திருக்கும்போது காது வேலை செய்வதில்லை, இதை யாரிடம் சொல்வது. இடது பக்கம் பார்க்கிறேன், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி. கயிற்று முனை காலி. கேமராக்காரர் இல்லை. பெனடிக்ட் சாரும் இல்லை. கேமராக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய தொப்பி மட்டும் கிடக்கிறது, மண்ணோடு மண்ணாக. அண்ணா, கேமரா காணோம். "எங்க போச்சு?" தெரியலைங்கண்ணா, அவங்க உக்காந்த எடம் காலியா கெடக்குது. "கல்லடிச்சிருக்கும். தொடச்சுட்டு வருவாங்க. நீ திரும்பாத." போயிட்டாங்களோ என்னவோ. "போனா சொல்லிட்டுப் போவாங்கடா. நீ நேரா பாரு." உங்களுக்கு என்னங்கண்ணா தெரியுது? "செவப்பா தெரியுது" என்றார். நான் அவரைப் பார்த்தேன். கண்ணாடியில் பார்க்கக் கடுகளவு இடம்கூட இல்லை. முதல் சுற்றிலிருந்து இந்த மனுசன் ஒன்றையும் பார்க்கவில்லை, காதுக்கும் திரும்பவில்லை, சிவப்பைப் பார்த்துச் சிரித்த மாதிரி நிற்கிறார், அவர் திரும்பினால் வரிசையே திரும்பிவிடும் என்று நிற்கிறார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, இரண்டும் செய்யவில்லை, மண்ணைத் துப்பினேன். போய்விட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு ஒரு கல்லுக்கு மேல் தாங்காது. போய்விட்டார்கள் என்றால் நாங்கள் யாருக்காக நேராக நிற்கிறோம். போகாமல் இருந்தால். இருக்கிறார்கள், எங்கேயோ இருந்து எடுக்கிறார்கள், நான் ஒருத்தன் திரும்பி அதுவே அந்தப் பெரிய ஸ்க்ரீனில் போய் விழுந்தால், பாருங்க மறுபடியும் திரும்பறாங்க என்று சிரித்தால், அக்காவுக்கு டயர் யார் போடுவார், என் கழுத்தா போடும். திரும்பக் கூடாது. ஆனால் கேட்கவில்லையே. வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். எட்டு, இருபத்தேழு. ஒரு வண்டி நீளம்தான் இடைவெளி. எல்லோரும் கத்துகிறார்கள், நானும் வாயைத் திறந்தேன், மண்தான் உள்ளே போனது.

கோபுரத்தில் வெள்ளைக் கொடி காட்டிவிட்டார்கள், கடைசிச் சுற்று. அந்தப் பக்கத்து மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்கிறது, இரண்டு சத்தம் பிரிக்க முடியாமல் ஒன்றாக, மற்றவர்கள் பின்னால் எங்கேயோ. இந்த வளைவில்தான் தாண்ட முடியும், இதைத் தாண்டினால் நேர்ரோடு, அது முடிகிற இடத்தில் கோடு, ஓசூர்க்காரன் வண்டி புதுசு, நேர்ரோட்டில் அவனைப் பிடிக்க முடியாது. இங்கேதான். இங்கே அவன் கையை விடுவான், எல்லோரும் விடுவார்கள், விடாமல் போனால் வெளியே எங்கள் மேல்தான் வந்து விழ வேண்டும். அக்கா விடாமல் இருந்தால். அக்கா விடாமல் இருந்து போன வருஷம் மாதிரி ஆனால். பார்க்க வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும், என்ன நடந்தாலும் கண்ணை விரித்துச் சிரித்த மாதிரி. "டேய், கடைசிடா, யாரும் திரும்பாதீங்கடா" என்று அண்ணன் அந்தச் சிவப்புக்குள்ளிருந்து கத்துகிறார். வருகிறார்கள். மில் சுவரில் பட்டு வருகிறார்கள். மஞ்சள் தெரிகிறது. நான் திரும்பிவிட்டேன். பயந்து திரும்பினேனா, கேட்கத் திரும்பினேனா என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான், பொய் சொல்வானேன். திரும்பி, காலரைத் தூக்கி, குனிந்து, கண்ணை மூடுகிற ஒரு நொடிக்கு முன்னால் பார்த்தேன், கைக்கெட்டுகிற தூரத்தில் கண்ணாடி, கேமராக் கண்ணாடி, ஓரத்தில் கீறல், அதற்குப் பின்னால் நெற்றியில் கர்ச்சீப் கட்டின கேமராக்காரர், பக்கத்தில் பெனடிக்ட் சார். கல்லுக்குப் பயந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் நாங்கள் நேராக நின்றது இவர்களுக்கு முதுகாகத்தான் விழுந்திருக்கிறது, முன்னால் மண்ணை வாங்கிக்கொண்டு பின்னால் வெறும் சட்டையைக் காட்டியிருக்கிறோம். சிரிப்பு வந்தது, வருவதற்குள் கண்ணை மூடிவிட்டேன், நேரமில்லை, வந்துவிட்டார்கள். இப்போது தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. எட்டு உள்பக்கம், அக்கா வெளிப்பக்கம், எங்கள் பக்கம், ஒன்றுக்குப் பின் ஒன்றாக கியர் இறங்குகிறது, என் உதடு வலியோடு கூடவே அசைகிறது. எட்டு கையை விட்டுவிட்டான், அவன் சத்தத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அக்கா விடவில்லை. இன்னும் விடவில்லை. முதுகில் முதல் கல் விழுகிறது, விழட்டும், சக்கரம் வழுக்குகிறது, சத்தம் மேலே ஏறுகிறது, அந்தச் சத்தமா, சுமை இல்லாத அந்தச் சத்தமா, இல்லை, பிடிக்கிறது, மண்ணைப் பிடிக்கிறது, கூடை கூடையாக என் முதுகில் கொட்டுகிறது, விடவே இல்லை, எல்கேஜிக் குழந்தைகளை வேகத்தடையில் ஏற்றி இறக்குகிற மாதிரி அவ்வளவு பெரிய வளைவை ஒரு தூக்கம் கலையாமல் ஏற்றி இறக்கிக்கொண்டு எட்டைத் தாண்டிப் போகிறார். "தம்பி, கண்ணைத் தொற. இங்க பாரு தம்பி, கேமராவைப் பாரு, கை தட்டு" என்கிறார் பெனடிக்ட் சார், என் முகத்துக்கு நேராக, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. "வேணாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்கிறது கேமராவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். நேர்ரோட்டில் எட்டு மறுபடி முறுக்குகிறான், புது வண்டி, நெருங்குகிறான், கோடு இன்னும் வரவில்லை. "கண்ணைத் தொறப்பா" என்கிறார் மறுபடியும். நான் திறக்கவில்லை.